கறுப்பின் ருசி

பிளாக் இந்தியா பேல் ஏல் என்று ஒரு பீர் வகை. பெயரைப் பிரித்துச் சொன்னால் 'இந்தியாவுக்குரிய, வெளிறிய, கறுப்பு ஏல்' என்றாகும். நான்கு வார்த்தைகளில் இரண்டு பொய். வெளிறிய ஒன்று கறுப்பாக இருப்பதற்கில்லை. இந்தியாவுக்கென்று இது செய்யப்படுவதுமில்லை. ஆனாலும் பெயர் நின்றுவிட்டது. பெயர் நின்றுவிட்டால் நாக்கு அதன் பேச்சைக் கேட்க ஆரம்பித்துவிடுகிறது என்பதில்தான் எனக்கு அக்கறை. ஒரு தொகுப்பின் பின்னட்டையில் 'படிமக் கவிஞர்' என்று அச்சாகிவிட்டால், படிமமே இல்லாத பக்கங்களிலும் நம் வாசகர் ஒன்றிரண்டைக் கண்டெடுத்துவிடுகிறார் அல்லவா, அந்த மாதிரி.

பீரைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவதற்குச் சமாதானம் சொல்ல வேண்டியதில்லை. நம் எழுத்தில் குடிகாரர்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவர்கள் குடித்தது என்ன, அது நாக்கில் என்ன செய்தது என்பது அநேகமாக இல்லை. குடி நமக்கு வீழ்ச்சி. கொஞ்சம் தைரியம் வந்தால் விடுதலை. இரண்டிலும் ருசிக்கு வேலையில்லை. பழையவர்கள் இப்படி இருந்ததாகத் தெரியவில்லை. நாட்பட்ட தேறலின் கடுப்பைத் தேள்கடுப்போடு சேர்த்துச் சொல்ல ஔவையாருக்குத் தோன்றியிருக்கிறது (புறநானூறு, 392). பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் இன்னும் நிதானமானவர். களியாகத் துழாவி ஆறவைத்த அரிசிக் கூழில், பாம்பு வாழும் புற்றின் குரும்பியைப் போலத் தோன்றும் முளைத் தானியத்தைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் ஜாடியில் விட்டுவைத்துப் பிழிவதை வரிசை பிசகாமல் சொல்லிவிடுகிறார். முளைகட்டிய தானியம், கூழ், காத்திருத்தல். பீரின் செய்முறை இதுதான். ஹாப் பூ ஒன்றுதான் குறைகிறது. அப்புறம் நாம் நீதி நூல்களுக்குள் போய்விட்டோம்.

'இந்தியா' என்ற வார்த்தை இந்தப் பெயருக்குள் வந்ததில் சென்னைக்கும் பங்கு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், லண்டனுக்குக் கிழக்கே போ என்ற இடத்தில் இருந்த ஹாட்ஜ்ஸன் ஆலையின் ஏலை, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களின் தலைவர்கள் தங்கள் சொந்த வியாபாரச் சரக்காக ஏற்றிவந்தார்கள். ஹாட்ஜ்ஸன் அவர்களுக்குத் தாராளமாகக் கடன் கொடுத்தார். 1820களில் பர்ட்டன் ஊர் ஆல்ஸாப் போட்டிக்கு வந்தார். அந்த நாளில் சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல் கரைக்கு எட்டத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையைத் தாண்டிப் போய் மனிதர்களையும் சரக்கையும் கொண்டுவந்து சேர்க்கும். வெள்ளைக்காரனின் கசப்பை அலைக்கு மேலாகத் தூக்கிவந்தவர்கள் நம் கடற்கரைக்காரர்கள். அவர்களுக்கு அதில் ஒரு வாய் கிடைத்ததா என்பதை யாரும் மெனக்கெட்டு எழுதிவைத்திருக்க மாட்டார்கள்.

இந்தக் கதையில் வழக்கமாக விடுபட்டுப்போகும் ஒரு விஷயத்தை மார்ட்டின் கார்னெல் என்ற ஆங்கில பீர் சரித்திரக்காரர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். வெளிறிய ஏல் அதிகாரிகளும் கனவான்களும் குடித்தது. சிப்பாய்க்கு வந்தது போர்ட்டர், அதாவது கறுப்பு பீர். அதுவும் பெருவாரியாக வந்தது. லண்டனின் பார்க்லே பெர்கின்ஸ் ஆலை கிழக்கிந்தியாவுக்கென்றே, கடல் பிரயாணத்தில் கெடாதிருக்க ஹாப் அதிகமாகப் போட்ட ஒரு போர்ட்டர் செய்தது. ஆக, இந்தியாவுக்கென்று செய்யப்பட்ட கறுப்பும் கசப்புமான பீர், இன்றைய வேடிக்கைப் பெயருக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் மூத்தது. அதைக் குடித்தவர்கள் சாதாரணச் சிப்பாய்கள் என்பதால் அதன் பெயர் சரித்திரத்தில் தங்கவில்லை.

இன்றைய வடிவம் அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் ஊரில், 1990களின் ஆரம்பத்தில் தொடங்கியது என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். கிரெக் நூனன் அங்கே 1988இல் வெர்மான்ட் பப் அண்டு புரூவரியைத் திறந்தார். காய்ச்சும் இடத்திலேயே விற்க அனுமதிக்கும்படி சட்டத்தை மாற்றுவதற்கே அவர் சில வருஷங்கள் சட்டசபைக்கு அலைய வேண்டியிருந்தது. லாகர் காய்ச்சுவது பற்றி 1986இல் அவர் எழுதிய புத்தகம் வீட்டில் காய்ச்சுகிறவர்களுக்கு வேதம். அவருடைய பிளாக்வாட்ச் ஐ.பி.ஏ.தான் இந்த வகையின் மூலப் பிரதி என்கிறார்கள். 2009இல் அவர் இறந்தார். மறு வருஷம் அமெரிக்க பீர்க்காரர்கள் சங்கத்தின் வகைப் பட்டியலில் இதற்கு இடம் கிடைத்தபோது 'பேல்' என்ற வார்த்தையைக் கழற்றிவிட்டுச் சேர்த்தார்கள். மேற்குக் கரைக்காரர்கள் அதற்குள் 'கேஸ்கேடியன் டார்க் ஏல்' என்று தங்கள் மலைத் தொடரின் பெயரை வைத்துச் சொந்தம் கொண்டாடியிருந்தார்கள். பீர் நடுவர்களுக்குச் சான்றிதழ் தரும் பி.ஜே.சி.பி. என்ற அமைப்பு 2015இல் 'பிளாக் ஐ.பி.ஏ.' என்றே எழுதிக்கொண்டது. நம் ஊர் இலக்கியக் கோஷ்டிச் சண்டைகள் எதுவும் எனக்குப் பிறகு புதிதாகத் தோன்றவில்லை.

அக்கா மகன் பர்லிங்டனில் இருக்கிறான். வீட்டு நிலவறையில் பீர் காய்ச்சுகிறவன். காய்ச்சுவது என்ற வார்த்தையைச் சொன்னாலே அக்காவுக்கு ஊறல் பானையும் போலீசும்தான் நினைவுக்கு வருகின்றன; தமிழில் இதற்கு மரியாதையான வினைச்சொல் இல்லை. ஒரு அக்டோபர் மாதம் அங்கே போயிருந்தபோது, ஊருக்கு வெளியே ஒரு சிறிய ஆலைக்கு என்னைக் கூட்டிப்போனான். பழைய மாட்டுத் தொழுவம். ஒரு ஈட்டுக்கு ஏழு பீப்பாய், நம் கணக்கில் எண்ணூறு லிட்டர் சொச்சம் பிடிக்கிற கொப்பரை. காய்ச்சுகிறவரே பலகைக்குப் பின்னால் நின்று ஊற்றியும் கொடுக்கிறார்.

கோப்பையில் இருந்தது டிகாக்ஷன் கறுப்பு. விளக்குக்கு நேரே பிடித்தால் அடி ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மாதுளைச் சிவப்பு. நுரை வெள்ளையில்லை, பால் போதாத காப்பியின் நிறம். கண் இதற்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டது: காப்பி, கருகல், வெல்லப்பாகு. மூக்கைக் கோப்பைக்குள் கொண்டுபோனால் தீர்ப்பு நிற்கவில்லை. வந்தது நாரத்தைத் தோல். நகத்தால் கீறும்போது கண்ணில் தெறிக்கும் அந்த எண்ணெய். அதற்குப் பின்னால் பைன் மரப் பிசின், குங்கிலியத்துக்குக் கொஞ்சம் பக்கத்து வாசனை. காப்பி எங்கேயும் இல்லை. ஐஸ் குளிரில் அவர் ஊற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் பீர் என்றால் வெளிறிய மஞ்சள் லாகர்; அதைப் பல் கூசும் குளிரில் குடிப்பதே ருசி தெரியாமல் இருக்கத்தான் என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம்.

வாயில் முதலில் அரைக் கணம் மால்ட்டின் தித்திப்பு. பிறகு கசப்பு ஏறிற்று. இதை எப்படிச் சொல்வது? பாகற்காய்க் கசப்பில்லை, பாகல் எடுத்த எடுப்பில் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். இது வேப்பம்பூ ரசம் மாதிரி, விழுங்கின பிறகு நாக்கின் அடிவேரிலிருந்து கிளம்பி முன்னால் வருவது. அது முன்னால் வந்து நின்ற பிறகுதான், கடைசி ஆளாக, வறுபட்ட ருசி. சுட்ட அப்பளத்தில் கொப்புளம் கறுத்த இடம் இருக்குமே, அந்த அளவு. தீய்ந்தது என்று சொல்ல முடியாது. நமக்கு வறுவலில் எத்தனை படிகள்! பொன்னிறம், சிவக்க, முறுக, கருக, தீய. இந்தப் பீர் முறுகலுக்கும் கருகலுக்கும் நடுவில் எங்கோ கால் வைத்திருந்தது. எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டாவது கோப்பை வாங்கினேன். மருமகன் மட்டும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தான்.

ஹாப் என்பது ஒரு கொடி. கஞ்சாவுக்குத் தாயாதி. அதன் பெண் பூவின் மடல்களுக்கு அடியில் மஞ்சள் பொடியாக இருக்கும் பிசினில்தான் எல்லாம். அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் கொதிநீரில் உருமாறிக் கசப்பாகின்றன. ஆனால் கொதிக்கக் கொதிக்க வாசனை ஆவியாகிவிடும். ஆகவே கசப்புக்கானதை முதலிலும், வாசனைக்கானதை இறக்குகிற சமயத்திலும் போடுகிறார்கள். நொதித்து முடிந்த பிறகு பச்சையாகவும் ஒரு பங்கு. ரசத்தை இறக்கிய பிறகு கொத்தமல்லி கிள்ளிப் போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். நாரத்தை வாசனைக்குக் காரணமான கேஸ்கேட் என்ற ஹாப், ஓரிகானில் அரசாங்க ஆராய்ச்சியில் உருவாக்கப்பட்டு 1972இல் வெளியானது. அதற்கு முன்பிருந்த ஐரோப்பிய ஹாப்களில் இத்தனை நாரத்தை கிடையாது.

கறுப்பின் கதை வேறு. காய்ச்சுகிறவரிடம் மருமகன் கேட்டுச் சொன்னான்: ஜெர்மனியில் பாம்பெர்க் ஊர் வையர்மான் கம்பெனியின் 'கராஃபா ஸ்பெஷல்' என்கிற மால்ட், மொத்தத் தானியத்தில் நூற்றுக்கு ஐந்து. அதோடு சாதாரணக் கறுப்பு மால்ட் ஒரு கைப்பிடி. முதல் சொன்னது உமி நீக்கி வறுத்த பார்லி. வறுத்த உமிதான் வாயைப் பிடிக்கும். அதை எடுத்துவிட்டால் நிறம் வரும், பிடிப்பு வராது. இந்தப் பிடிப்பைச் சொல்லும்போது அங்கேயுள்ளவர்களில் பலர் கசப்பு என்றே சொல்லிவிடுகிறார்கள். ஹாப்பின் கசப்புக்கும் உமியின் பிடிப்புக்கும் ஒரே வார்த்தை. நமக்கு இது துவர்ப்பு, அறுசுவையில் தனிச் சுவை. கடுக்காய், அத்திப்பிஞ்சு, வாழைப்பூ. வாழைப்பூவில் கள்ளனைக் கிள்ளியெறிந்துவிட்டு மோரில் போட்டுவைக்கிற கை எந்தக் காரியத்தைச் செய்கிறதோ, அதையேதான் பாம்பெர்க்கில் இயந்திரம் செய்கிறது. கசப்பும் துவர்ப்பும் ஒன்றல்ல என்று அறிந்த நாக்கோடு இந்தப் பீரிடம் போவது ஒரு சௌகரியம். மிச்சம் சொல்லப்போவது அதனால் கிடைத்தது.

மறுநாள் வீட்டில் பரீட்சை. அந்த ஆலையின் வெளிறிய ஐ.பி.ஏ. ஒரு கூஜா, கறுப்பு ஒரு கூஜா வாங்கிவந்திருந்தோம். இரண்டிலும் ஒரே ஹாப், ஒரே அளவு. கறுப்பு மால்ட் ஒன்றுதான் வித்தியாசம். நிறம் தெரியாமலிருக்க மூன்று எவர்சில்வர் டம்ளர். இரண்டில் ஒன்று, மூன்றாவதில் மற்றது. எது தனி என்று சொல்ல வேண்டும். ஆலைகளில் இதற்கு முக்கோணப் பரீட்சை என்று பெயராம்.

"எட்டிப் பார்க்கக் கூடாது மாமா. கண்ணை மூடிக்குங்க."

"மூடியாச்சு. ஊத்துடா."

குளிர்ச்சியில் மூன்றும் ஒன்றாகத்தான் இருந்தன. ஆறட்டும் என்று வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். இருபது நிமிஷம் கழித்து நடு டம்ளர் மட்டும் கன்னத்தின் உட்பக்கத்தை லேசாக இழுத்துப் பிடித்தது. கசப்பு மூன்றிலும் சமம். துவர்ப்பு ஒன்றில். நடுவில் இருப்பதுதான் கறுப்பு என்றேன். அதேதான். மருமகன் சந்தோஷப்படவில்லை.

"அப்ப அவர் பீர் ஃபெயில் மாமா. கண்ணை மூடினா கறுப்புன்னு தெரியவே கூடாது. அதுதான் இதோட இலட்சணம்."

"தெரியக் கூடாதுன்னா எதுக்குடா கறுப்பு?"

"பார்க்கறதுக்கு."

இந்த ஒரு வார்த்தைதான் என்னை இதை எழுதவைத்தது. அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. பி.ஜே.சி.பி. விதிகளே இந்த வகையில் கருகல் வாடையும் சாம்பல் வாடையும் கூடாது என்கின்றன. பலர் இதன் உச்சம் என்று கருதுவதும் கண்ணுக்கு ஸ்டவுட், நாக்குக்கு ஐ.பி.ஏ. என்ற ஏமாற்றைத்தான். அவன் அடுத்து எடுத்துவைத்தது இன்னும் பலமானது. போர்டோ பல்கலைக்கழகத்தில் மோரோ, புரோஷே, துய்போர்தியூ என்ற மூவர் செய்து 2001இல் பிரசுரமான ஆராய்ச்சி. ஒயின் படிக்கும் மாணவர்கள் 54 பேருக்கு வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்கிற வார்த்தைகளிலேயே அவர்கள் அதை வர்ணித்தார்கள். "கண்ணும் குடிக்குது மாமா. அப்ப கறுப்பும் ஒரு சரக்குதானே, ருசி இல்லாட்டிகூட?" என்றான்.

சாயம் என்பதில் அவனுக்கு முன்னோர்கள் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் போர்ட்டர்காரர்கள், பழுப்பு மால்ட்டைவிட வெளிறிய மால்ட்டில் சாரம் அதிகம் என்று ஹைட்ராமீட்டர் வைத்துக் கண்டுகொண்டார்கள். லாபத்துக்காக அதற்கு மாறினால் போர்ட்டர் வெளிறிப்போயிற்று. வாடிக்கைக்காரனுக்கோ கறுப்பு வேண்டும். கருக்கிய சர்க்கரையையும் வேறு எதையெதையோவும் கலந்து பார்த்தார்கள். மால்ட்டும் ஹாப்பும் தவிர நிறத்துக்காக எதுவும் கூடாதென்று 1816இல் சட்டம் வந்தது. மறு வருஷமே டேனியல் வீலர் என்பவர், காப்பிக்கொட்டை வறுக்கும் உருளையைப் போன்ற ஒன்றில் மால்ட்டை வறுத்துக் கறுப்பாக்குவதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். சட்டப்படி அது மால்ட். காரியத்தில் அது மை. கறுப்பு மால்ட் பிறந்ததே வேஷத்துக்குத்தான். ஆனால் போர்ட்டரும் ஸ்டவுட்டும் பிறகு என்ன ஆயின என்று பார்க்க வேண்டும். மையாக வந்தது உள்ளே இறங்கி அந்தப் பீர்களின் ருசியாகவே ஆகிவிட்டது. இன்று அதை எடுத்துவிட்டால் ஸ்டவுட் இல்லை.

மருமகன் சொல்கிற ஏமாற்று எனக்கும் ரசிக்கத் தெரியாததல்ல. ஆனால் அது முதல் கோப்பைக்குத்தான். இரண்டாவது கோப்பையில் நாக்குக்கு விஷயம் தெரிந்துவிடும். எவர்சில்வர் டம்ளர்களைக் கழுவிவிட்டு, கண்ணைத் திறந்துகொண்டு, இரண்டையும் மாற்றி மாற்றி மறுபடி குடித்தேன். வெளிறியதில் இருந்தது அப்போது கிள்ளின நாரத்தை. கறுப்பில் இருந்ததும் அதே ஹாப்பின் நாரத்தைதான், ஆனால் வெயில் பட்டது. ஜாடியில் உப்போடு கிடந்து, வாசனை அடங்கி, தோல் கனத்துப்போனது. நாரத்தையின் மேல் யாரோ காப்பியை ஊற்றின மாதிரி இல்லை. வறுவல் போய் நாரத்தையையே வேறாக்கியிருந்தது. இது நாரத்தை, இது வறுவல் என்று என்னால் பிரித்து வைக்க முடியவில்லை. உருவம் வேறு உள்ளடக்கம் வேறு என்று சொல்லுகிறவர்களும், இரண்டும் ஒன்றே என்று சொல்லுகிறவர்களும் நம்மிடையே பக்கம் பக்கமாக எழுதித் தீர்த்தோம். நானும் எழுதினேன். 'ஒன்று மற்றதை என்ன செய்கிறது' என்று கேட்டு ஒரு வரி, ஒரு கவிதையை முன்னால் வைத்துக்கொண்டு சொல்லப்பட்ட ஒரே ஒரு வரி, அந்தக் குவியலில் எனக்கு நினைவு வருவது அபூர்வம். ஏழு பீப்பாய் காய்ச்சுகிற ஒருவர் ஒரு கைப்பிடி உமியை வைத்துக்கொண்டு அதைச் செய்திருக்கிறார். அது தெரிந்து செய்ததா, கை தவறி விழுந்ததா என்று மருமகன் கேட்டான். அவரையே கேட்கலாமே என்றேன். அவன் கேட்கவில்லை.

கேட்டிருந்தாலும் பெரிய லாபமில்லை. இந்த வகைக்கு இப்போது ஆளில்லை. நூனனிடம் வேலை பார்த்த ஜான் கிம்மிக், 2003இல் வாட்டர்பெரியில் மனைவியோடு ஆல்கெமிஸ்ட் என்ற மதுக்கூடத்தைத் திறந்தார். அங்கே பிறந்த ஹெடி டாப்பர் என்ற கலங்கலான, மஞ்சள் ஐ.பி.ஏ. அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. 2011இல் ஐரீன் புயல் வெள்ளம் மதுக்கூடத்தை அழித்தது. டப்பிகளில் அடைத்த ஹெடி டாப்பர் ஊரெங்கும் பரவியது. கலங்கல் ஐ.பி.ஏ. 2018இல் பீர்க்காரர்கள் சங்கப் பட்டியலிலேயே தனி வகையாகிவிட்டது. அதில் கசப்பு குறைவு, பழச்சாறு வாசனை அதிகம். குழந்தைகூட முகம் சுளிக்காது. ஒரே குருவின் ஒரே ஊர்ப் பக்கத்திலிருந்து கறுப்பும் வந்தது, கறுப்பை ஓரங்கட்டிய கலங்கலும் வந்தது. தொழுவத்து ஆலைக்காரர் கறுப்பை வருஷத்துக்கு ஒரு ஈடுதான் காய்ச்சுகிறார். அது தீர்ந்தால் அடுத்த அக்டோபர்தான்.

நான் ஊர் திரும்பி இரண்டு மாதம் கழித்து மருமகன் போன் செய்தான். நிலவறையில் ஒரு ஈடு போட்டிருக்கிறானாம். உமி நீக்கியது மூன்று பங்கு, உமியோடு கூடியது இரண்டு பங்கு. என்னிடம் சொல்லாமலே செய்திருக்கிறான்.

"எப்படிடா இருக்கு?"

"கொஞ்சம் பிட்டரா இருக்கு மாமா."

"கசப்பா, துவர்ப்பா?"

பதில் வரவில்லை. டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது, மறுபடி எடுக்கிற சத்தம். இன்னும் ஆறவில்லை, ஆறினதும் பார்த்துச் சொல்கிறேன் என்றான்.